சேர்வராயன் மலை பின்னால் தெரியும் பழைய தோட்டத்துப் படம்: அந்த ரெண்டு கல்லுக்கால் எதுக்கு?

ஜனவரி 6, கேள்வி

அப்பாவோட பெட்டியில இருந்த படம் இது. ஓமலூர் பக்கம் எங்க பழைய தோட்டம். பின்னாடி தெரியறது சேர்வராயன் மலைங்கறது மட்டும் தெரியும். நடுவுல ரெண்டு கல்லுக்கால், அதுக்கு முன்னாடி ரெண்டு மாடு பள்ளத்துல இறங்கற மாதிரி நிக்குது, ஒரு மூலையில வைக்கோல் போர். பார்த்தாலே மனசு என்னமோ பண்ணுது. ஆனா அங்க என்ன நடக்குதுன்னே புரியல. அந்தக் கல்லுக்கால் எதுக்குங்க? எந்த வருஷத்துப் படம்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஜனவரி 6, இரவு

அது கவலை. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. மதுரைப் பக்கம் கமலை என்பார்கள்.

கல்லுக்கால் இரண்டும் கிணற்று விளிம்பில் நட்டவை. அவற்றின் தலையில் மரச்சக்கரம் மாட்டியிருக்கும். சக்கரத்தின் மேல் வடக்கயிறு ஓடும். வடத்தின் ஒரு முனை கிணற்றுக்குள் தொங்கும், தண்ணீர் மொள்ளும் பாத்திரமான சாலில், மறுமுனை மாட்டின் நுகத்தடியில். மாடு நிற்கும் சரிவுக்கு வாரி என்று பெயர். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். மாடு திரும்பாமல் பின்னோக்கியே நடந்து மேட்டுக்கு வந்தால் சால் கிணற்றுக்குள் போகும். காலையிலிருந்து மாலை வரை இதேதான்.

மனசு என்னமோ பண்ணுது என்றீர்கள், பண்ணத்தான் செய்யும். ஆனால் இந்தப் படத்தில் வேலை செய்யாமல் சும்மா நிற்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எந்த வருஷம் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

ஜனவரி 7, காலை

ஒரு குழப்பம். நீங்கள் போட்ட படத்தில் மாட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே ஒரே கயிறுதான் தெரிகிறது. ஒரே கயிறு என்றால் மேலே வந்த சாலைப் பிடித்துக் கவிழ்க்கக் கிணற்று மேட்டில் இன்னொரு ஆள் நிற்கவேண்டும். படத்தில் அப்படி ஆள் இல்லை. கிணற்றருகே இருப்பவர் ஒருவர்தான், மாட்டுக்குப் பின்னால். நம் பக்கத்துக் கவலை ஒரே ஆள் ஓட்டுவதற்காகவே அமைந்தது, அதற்கு இரண்டு கயிறு வேண்டும். இது வேறு ஏதோ அமைப்பா, இல்லை அன்றைக்கு ஏதாவது அறுந்து கிடந்ததா? இப்போதைக்கு ஒற்றைக் கயிறு என்றே குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 7, மதியம்

"மாடு ஏன் பள்ளத்தில் இறங்கவேண்டும், சமதரையில் நடந்தால் ஆகாதா" என்று கேட்டவருக்கு: ஆகும், ஆனால் மாடு சீக்கிரம் களைத்துவிடும். சரிவில் இறங்கும்போது மாட்டின் உடல் எடையே பாதி இழுத்துக் கொடுக்கிறது. ஓட்டுபவரும் இறங்கும்போது வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அது சொகுசுக்காக இல்லை. அவர் எடையும் இழுவையில் சேர்கிறது, வடம் தாழ்ந்து நுகம் மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பாமலும் இருக்கிறது. மேடேறும்போது இறங்கி நடந்துவிடுவார்.

வாரிக்குத் தனியாக மண் கொண்டுவரத் தேவையில்லை. கிணறு வெட்டிய மண்ணும் கல்லும் கிணற்றோரத்தில் மேடாகும், மேட்டுக்கு எதிர்முனையில் தரையைத் தோண்டிப் பள்ளமாக்குவார்கள். மேடும் பள்ளமும் சேர்ந்து ஒரே சரிவு. சரிவு போதாவிட்டால் மாட்டுக்கு இழுவை பாரம். செங்குத்தாகப் போனால் பின்னோக்கி ஏறும்போது முன்னங்கால் வழுக்கும். மழை நாளில் வாரியில் மண் கரைந்து சறுக்கும், அதனால் சரளை கொட்டி மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள்.

ஜனவரி 8

நேற்றுக் காலை எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முதலில் போட்டது ஏஐ செயலியில் "தெளிவாக்கிய" படம் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். இன்று அனுப்பிய அசல் ஸ்கேனில் இரண்டு கயிறும் தெரிகின்றன. மேலே தடித்த வடம், அதற்குக் கீழே மெல்லிய வால்கயிறு. செயலிக்குக் கவலை என்றால் என்னவென்று தெரியாது. மெல்லிய கோட்டைக் கீறல் என்று நினைத்து அழித்துவிட்டது. சாலின் அடியில் தொங்கும் தோலையும் நிழலாக்கிவிட்டது. கவலையின் உயிரே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். சால் என்பது அடியில் ஓட்டையுள்ள பாத்திரம். முழுக்கத் தோலில் செய்ததும் உண்டு, பிற்காலத்தில் இரும்புத் தகட்டில் வந்தது. அடி ஓட்டையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தைத்திருக்கும், அதுதான் வால். வாலின் வாயில் வால்கயிறு கட்டியிருக்கும். வடம் மேலே இருக்கும் சக்கரத்தில் ஓடும். வால்கயிறு கீழே, கிணற்று மேட்டில் தண்ணீர் விழும் தொட்டியின் உதட்டில் படுத்திருக்கும் உருளையில் ஓடும். இரண்டு கயிற்றின் மறுமுனையும் ஒரே நுகத்தடியில்.

சால் கிணற்றுக்குள் இருக்கும்வரை வால்கயிறு வாலின் வாயை மேல்நோக்கி இழுத்து, சாலின் விளிம்பு மட்டத்துக்கு மடக்கிப் பிடித்திருக்கும். அதனால் தண்ணீர் கீழே ஒழுகாது. சால் கிணற்று வாய்க்கு வந்ததும் வடம் சாலை உயரத்தில் இருக்கும் சக்கரத்தை நோக்கித் தூக்கும். வால்கயிறோ வாயைத் தாழ்ந்த உருளையின் மேலாகத் தொட்டிக்குள் இழுக்கும். மடங்கியிருந்த வால் நீண்டுவிடும். வாய் தாழ்வில், சால் உயரத்தில். தண்ணீர் தானாகவே தொட்டியில் கொட்டிவிடும். கவிழ்க்க ஆள் வேண்டாம்.

எல்லாம் வால்கயிற்றின் நீளத்தில்தான் இருக்கிறது. நீளம் கூடினால் வால் சரியாக மடங்காது, வாய் சாலின் நீர்மட்டத்துக்குக் கீழே தொங்கும், பாதி வழியிலேயே தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பக் கொட்டும். கிணற்றுக்குள்ளிருந்து அருவி மாதிரி சத்தம் வந்தால் காரணம் இதுதான். நீளம் குறைந்தால் சால் மேலே வருவதற்குள் வால் விறைத்து நிற்கும், தையலில் கிழியும். கயிறு புதிதாக இருக்கும்போது நனைந்தால் சுருங்கும், இழுபட்டால் நீளும். அதனால் நுகத்தடியில் முடிச்சைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

தோல் காய்ந்தால் வெடிக்கும். இறைப்பு இல்லாத நாட்களில் எண்ணெய் தடவி நிழலில் தொங்கவிடுவார்கள், மறுபடி பூட்டுமுன் ஊறவைப்பார்கள். காய்ந்த தோலை அப்படியே பூட்டினால் மடிப்பு விழும் இடத்தில் முதலில் கிழியும்.

ஜனவரி 8, இரவு

ஸ்கேன் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

இரண்டேகால் அங்குலச் சதுரப் படம் இது. 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்தால் பக்கத்துக்கு 2,700 புள்ளி கிடைக்கும், அதற்குக் குறைக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்புக் கறை நீலத்தில்தான் அழுத்தமாகத் தெரியும், பிறகு நிறம் பிரித்துப் பார்த்தால் கறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, மேல்பூச்சு ஜெலட்டின், இளகி உரிந்துவிடும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். லாமினேட் செய்யாதீர்கள், செய்துவிட்டால் திரும்பப் பிரிக்க வழியில்லை. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து ஏதாவது இருக்கும். செயலியில் மெருகேற்றிய படம் வீட்டில் மாட்டுவதற்கு இருக்கட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஜனவரி 9

வாரியின் நீளத்தை வைத்துக் கிணற்று நீர்மட்டத்தைக் கணக்கிடலாம். சக்கரம் ஒன்றே ஒன்று, கயிறு நேராகப் போகிறது. மாடு ஓரடி நடந்தால் சால் ஓரடி ஏறும். அதனால் வாரி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் தண்ணீரைத் தூக்கமுடியும்.

படத்தில் கல்லுக்காலிலிருந்து பள்ளத்தின் கடைசிச் சுவர் வரை மாட்டின் நீளத்தைப் போல 5 மடங்கு வருகிறது. மூக்கிலிருந்து வாலடி எலும்பு வரை மாட்டுக்கு 7 அடி வைத்தால் வாரி 35 அடி.

ஜனவரி 9, இரவு

"வாரி சாய்கோணத்தில் இருக்கிறது, படத்தில் சுருங்கித் தெரியும், உண்மை நீளம் 35-ஐவிட அதிகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாய்கோணம் உண்மை. சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தெரிவதே சாட்சி. ஆனால் மாடும் அதே திசையில்தான் நிற்கிறது. வாரி சுருங்கும் அளவுக்கு மாடும் சுருங்கும். அளவுகோலும் அளக்கும் பொருளும் சேர்ந்தே சுருங்கினால் கணக்கு மாறாது.

வேறொரு பிழை இருக்கிறது, அதை நான் கவனிக்காமல் விட்டேன். மாடு நிற்பது மேட்டில், கேமராவுக்குத் தூரமாக. பள்ளத்து முனை கேமராவுக்கு அருகில். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். அதனால் உண்மை நீளம் 35-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். தோட்டம் இன்னும் இருந்தால் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள்.

ஜனவரி 10

"ஒரு கவலையில் எவ்வளவு நிலம் பாயும்?"

சால் 100 லிட்டர், நிமிடத்துக்கு ஒரு சால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 6,000 லிட்டர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த 1,02,800 லிட்டர் வேண்டும். அப்படியானால் 17 மணி நேரம். மாட்டை நாளுக்கு 8 மணி நேரத்துக்குமேல் ஓட்டமுடியாது என்பதால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். வாய்க்காலில் குடிப்பது தனி. அதனால்தான் படத்தில் பாத்தி அவ்வளவு சிறிதாக இருக்கிறது. ஒவ்வொரு பாத்தியும் ஒரு கட்டில் இரண்டு கட்டில் அகலம்தான். பெரிய பாத்தி என்றால் மெதுவாக வரும் தண்ணீர் மடையருகிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடும், கடைக்கோடிக்குப் போய்ச் சேராது. சிறு பாத்தி, மண்வெட்டியால் மடை திறந்து மடை அடைத்து, ஒவ்வொன்றாக. படத்தில் குனிந்து நிற்கும் பெண்மணி மடை மாற்றுகிறார், களை எடுக்கவில்லை. கையில் மண்வெட்டி இருக்கிறது பாருங்கள்.

இதோடு 5 குதிரைத்திறன் மோட்டாரை ஒப்பிடுங்கள். பாதித்திறன் வீணானாலும் 50 அடி ஆழத்திலிருந்து மணிக்கு 40,000 லிட்டருக்கு மேல் தூக்கும். சேலத்து நிலத்தடி கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே இருக்கும் மக்கிய பாறையிலும் அதன் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே. ஊற்று கசிந்துதான் வரும். கவலையின் வேகம் அந்தக் கசிவுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது, மாடு இளைப்பாறும் நேரத்தில் கிணறு ஊறிவிடும். மோட்டார் ஒரு மணி நேரத்தில் கிணற்றைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊற்றுக்குக் காத்திருக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாதபோது கிணற்றுக்குள் சைடு போர், அதாவது பக்கச்சுவரில் துளை, போட்டோம், அதுவும் போதாமல் ஆழ்துளைக்குப் போனோம்.

ஜனவரி 11

போர். இதை வைக்கோல் போர் என்று சும்மா ஒத்துக்கொண்டேன், தவறு. இது சோளத்தட்டுப் போர். வைக்கோல் போரின் பக்கம் சீவிவிட்ட தலைமயிர் மாதிரி வழவழப்பாகத் தொங்கும். இங்கே பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அவை தட்டின் அடிமுனைகள். கட்டுக்கட்டாக அடிமுனை வெளியேயும் தோகை உள்ளேயும் வருமாறு அடுக்கியிருக்கிறார்கள். தோகைதான் மாட்டுக்குப் பிடித்த பாகம், அது மழையிலும் வெயிலிலும் படாமல் இருக்கவேண்டும்.

போரின் அடியில் இருட்டாக ஒரு கோடு ஓடுகிறதே, அது இடைவெளி. கல் பரப்பி அதன்மேல் கட்டை போட்டு அடுக்குவார்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும். நடுப்பகுதி எப்போதும் ஓரத்தைவிட உயரமாக இருக்கவேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு கட்டும் வெளிநோக்கிச் சரிந்து, பட்ட மழைநீர் வெளியே வடியும். நடு தாழ்ந்த போரில் தண்ணீர் உள்ளே இறங்கும், பூஞ்சை பிடிக்கும், கை விட்டால் சுடும். பாதி காயாத தட்டை அடுக்கினாலும் இதே கதி.

ஜனவரி 12

வருஷம். எனக்குத் தெரிந்த சாட்சிகள் மூன்று.

ஒன்று, படத்தின் அளவு. 120 பிலிமில் 12 படம் எடுக்கும் பெட்டிக் கேமரா. பிலிமையே தாளின்மேல் வைத்து அச்சிட்டது, பெரிதாக்கவில்லை.

இரண்டு, இடது ஓரத்தில் விரிந்த கை போன்ற இலை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. வேலியோரத்தில் நாலு செடி என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. இங்கே வரிசையாக, மூன்றடிக்கு மூன்றடி நட்ட வயல். அந்த இடைவெளியில் ஏக்கருக்கு 4,840 கரணை, அதாவது நடவுத் தண்டு. இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர் சரக்கு நின்றபிறகுதான் சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்து செய்யும் சவ்வரிசித் தொழில் பிடித்தது. வயலாகக் குச்சிக்கிழங்கு என்றால் அதற்குப் பிந்திய படம்.

மூன்று, மின்கம்பம் இல்லை. இதை நான் பெரிய சாட்சியாக நினைத்திருந்தேன், இப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை. மேட்டூர் அணை 1934-லேயே முடிந்து 1937-ல் மின்சாரமும் வந்தது. ஆனால் கம்பி ஊருக்கு வந்தது ஒரு காலம், தோட்டத்துக் கிணறு வரை வந்தது வேறு காலம். மேலும் கம்பம் படத்துக்கு வெளியே இருந்திருக்கலாம்.

1950-கள் அல்லது 60-கள் என்று சொல்வேன். அதற்குமேல் குறுக்க ஸ்டூடியோ முத்திரை வேண்டும்.

ஜனவரி 12, பிற்பகல்

குச்சிக்கிழங்கு நடக் கரணை எப்படி வெட்டுவது என்று கேட்டவருக்கு: ஒரு சாண் நீளம் போதும், அடியையும் நுனியையும் தள்ளிவிட்டு நடுத்தண்டில் வெட்டுங்கள். கணு மேல்நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாக நட்டால் முளைப்பு தாமதமாகும், செடி நோஞ்சானாக வரும். இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் இருந்த செடியிலிருந்து ஒரு கரணைகூட எடுக்காதீர்கள். தேமல் நோய் கரணை வழியாகவே அடுத்த வருஷத்துக்குப் போகும், மிச்சத்தை வெள்ளை ஈ பார்த்துக்கொள்ளும். பச்சை இலையை ஆடு மாடு மேயவிடாதீர்கள், சயனைடு இருக்கிறது.

ஜனவரி 13

மலை. நிழல்கள் எல்லாம் மலையை நோக்கி விழுகின்றன. ஓமலூரிலிருந்து சேர்வராயன் மலை கிழக்கே, அப்படியானால் சூரியன் மேற்கே, நேரம் பிற்பகல். மலையின் மடிப்புகள் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். காலையில் எடுத்திருந்தால் மலை வெறும் கறுப்புச் சுவராக இருந்திருக்கும்.

வலது ஓரம் அடிவாரத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறதே, அது படத்தின் கறை இல்லை. வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரடு. ஏஐ படத்தில் அதையும் துடைத்துவிட்டார்கள். அந்தத் திட்டு வலது பக்கம் தெரிவதால்தான் இது ஓமலூர்ப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று நிச்சயமாகச் சொல்லமுடிகிறது.

உச்சியில் மரவரிசை தெரிகிறது என்கிறீர்கள். மேலே காபித் தோட்டங்கள் உண்டு, 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து. ஆனால் இந்தத் தூரத்திலிருந்து காபியின் நிழல்மரம் எது, சோலை மரம் எது என்று இந்தப் படத்தில் பிரிக்கமுடியாது.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

மாடு என்ன இனம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெள்ளைத் திட்டு சிதறிய செம்மாடு என்றால் பர்கூர். இங்கே உடல் ஒரே அடர்சாம்பல், நெற்றியில் மட்டும் வெள்ளை, கொம்பு நீண்டு பின்னோக்கிப் போகிறது. ஆலம்பாடி என்று தோன்றுகிறது. வலது மாட்டின் கழுத்தில், நுகம் உட்காரும் இடத்தில் ஓர் உள்ளங்கை அளவு மயிரில்லாமல் பளபளக்கிறது. நுகத்தழும்பு. இரண்டு மாட்டில் எது அதிகம் இழுத்தது என்று அதுவே சொல்கிறது.

ஜனவரி 18

கல்லுக்கால் இன்னும் நிற்கிறது, வாரியின் ஒரு பக்கச் சுவரும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. போகும்போது கவனிக்க வேண்டியவை:

கிணற்றுக்குள் இறங்காதீர்கள். நெடுநாள் புழங்காத கிணற்றில் காற்று கெட்டிருக்கும். யாராவது இறங்கியே ஆகவேண்டும் என்றால் முதலில் கயிற்றில் எரியும் விளக்கை இறக்குங்கள், அணைந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். எரிந்தாலும் இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஆள் நிற்காமல் வேண்டாம். விளிம்பில் பழைய கல் பெயர்ந்திருக்கும், மிதிக்காதீர்கள்.

கல்லுக்காலின் தலையில் சக்கரத்து அச்சு உட்கார்ந்த குழி இருக்கும், இரண்டு குழிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளங்கள். தொட்டிக்கல்லின் உதட்டைக் கையால் தடவுங்கள். உருளை நகர்ந்துபோன நாட்களில் வால்கயிறு கல்லிலேயே உரசி விரல் தடிமனுக்குப் பள்ளம் போட்டிருக்கும். கல்லுக்காலைத் துணி துவைக்கவோ வேலிக்கோ பெயர்க்கச் சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

ஜனவரி 21

அளந்து போட்டதற்கு நன்றி. வாரி 32 அடி. என் கணக்கு 3 அடி கூடுதல்.

இதில் மாட்டின் உடல் நீளம் 7 அடியைக் கழிக்கவேண்டும், அதை நான் முன்பு மறந்துவிட்டேன். மேட்டில் மாட்டின் பின்புறம் கல்லுக்காலை ஒட்டி நிற்கும், பள்ளத்தில் அதன் முகம் சுவரைத் தொடும். அதனால் நுகத்தடி நகர்வது 25 அடிதான். சால் தரைக்கு மேலே 3 அடி ஏறினால்தான் தொட்டியில் கொட்டும். மீதி 22. கோடையின் கடைசி நாளிலும் இந்தக் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து 22 அடிக்குக் கீழே போகாது என்று நம்பித்தான் இந்த வாரியை வெட்டியிருக்கிறார்கள். போயிருந்தால் பள்ளத்து முனையை இன்னும் நீட்டியிருப்பார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் முனைச்சுவர் பழைய கல்லாகவே இருக்கிறது, நீட்டிய தடம் இல்லை.

இப்போது அதே தோட்டத்தில் போர்வெல் 800 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் படத்தின் பின்பக்கத்தில், இன்றைய தேதி போட்டு, பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும்.